ஏரிக்கரை வளைவில் நான் நீட்டிய கை

சிட்லபாக்கம்,
சனிக்கிழமை மாலை.

கர்த்தருக்குள் பிரியமும் சட்டத்தில் தேர்ச்சியும் உள்ள மச்சான் ஜெபகுமார் அவர்களுக்கு, அத்தான் சாலமோன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் அக்கா ரத்தினபாயும் மகன் ஆஸ்டினும் கிருபையால் சுகம். என் இடது கை மட்டும் கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்குகிறது. அவ்விடம் நாகர்கோவிலில் உங்கள் சுகத்துக்கும் உங்கள் கட்சிக்காரர்களின் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன்.

வழக்கமாக உங்களை 'நீ' என்றுதான் எழுதுவேன். இன்று 'நீங்கள்' போடக் காரணம், என் வழக்கில் நீங்கள்தான் நீதிபதி. உங்கள் அக்கா அப்படித்தான் அறிவித்திருக்கிறாள். "தப்பு உங்க மேல இல்லன்னு என் தம்பி வாயால சொல்லட்டும், சைக்கிள் வீட்டுல இருக்கட்டும். இல்லன்னா இந்த மாசம் பழைய இரும்புக்காரன் வரும்போது தூக்கிப் போட்டுடுவேன்" என்று சொல்லி, சைக்கிளைப் பூட்டிச் சாவியைத் தன் வேதாகமப் பைக்குள் வைத்துவிட்டாள். அங்கே கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. பெயர்தான் சாலமோன், சொந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல அதிகாரம் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்தில் நின்று வரிக்கு வரி ஆட்சேபணை எழுப்புகிறாள். அதனால்தான் தபால்.

நடந்தது இதுதான். புதன்கிழமை காலை மீன் வாங்கிக்கொண்டு ஏரிக்கரை ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். இடது ஓரமாகத்தான் வந்தேன். ஹேண்டில்பாரில் சங்கரா மீன் பை. எங்கள் தெரு ஏரிக்கரை வளைவில் வலது பக்கம் பிரிகிறது. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் ஆயுசெல்லாம் உழைத்தவன் நான், சிக்னல் காட்டாமல் திரும்புவேனா? பின்னால் திரும்பிப் பார்த்தேன், கார் தூரத்தில் இருந்தது. மணி அடித்தேன். வலது கையைத் தோளுக்கு நேராக நீட்டினேன், கொஞ்ச நேரம் நீட்டியே வைத்திருந்தேன், பிறகு திரும்பினேன். பின்னால் வந்த அந்த வெள்ளைக் கார் இடது பக்கம் அவ்வளவு ரோடு காலியாகக் கிடக்க, வலது பக்கமாகவே என்னை முந்தப் பார்த்தது. நான் இடது பக்கம் விழுந்தேன், மீன் வலது பக்கம் விழுந்தது. என்னைத் தூக்க ஆள் வருவதற்குள் மீனைத் தூக்க நாய் வந்துவிட்டது.

முதலில் ஜனங்கள் என் பக்கம்தான் இருந்தார்கள், அதை மறுக்க மாட்டேன். நம் ஊரில் சட்டம் எப்படியோ, ரோட்டில் ஒரு நியாயம் உண்டு. பெரிய வண்டிக்காரன் மேல்தான் தப்பு. ஆட்டோ ஓட்டும் கதிரேசன் ஓடி வந்து என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, காரைப் பார்த்துக் கத்தினார். "இன்னாம்மா, கண்ணு தெரில? பெர்சு பாட்டுக்கு சைக்கிள்ல போய்கினு கீறாரு, மேல வந்து ஏத்துற?" எனக்கு வலியிலும் ஒரு சந்தோஷம். அப்போது கார்க் கதவு திறந்தது. இறங்கியது யார் தெரியுமா? எங்கள் சபையைச் சேர்ந்த ஞானஜோதி டீச்சர். இந்தப் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்து பாஸ் போட வைத்தவர். கதிரேசன் குரல் உடனே இறங்கிவிட்டது. "ஐயோ, டீச்சரா? எம் பொண்ணு உங்ககிட்டதான் படிக்குது டீச்சர்" என்றவர், அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "இன்னா பெர்சு, பாத்து வரக் கூடாதா?" என்றார்.

சரி, அது போகட்டும். டீச்சர் நல்லவர், கண் கலங்கி நின்றார். "அங்கிள், நீங்க கை காட்டினீங்க, நான் போனேன்" என்றார். "நான் திரும்பப் போறேன்னு காட்டினேன்மா" என்றேன். "ஞாயித்துக்கிழமை இதே கையத்தானே அங்கிள் நீட்டுறீங்க? அப்ப வலது பக்கம் போன்னுதானே அர்த்தம்? ஒரு வாரம்கூட நான் மீறினதில்லையே!" என்றார். உங்களுக்குத் தெரியும், ஆலய வாசலில் உள்பக்கம் பார்த்து நின்று கார்களுக்கு இடம் காட்டுவது நான் ஓய்வு பெற்றதிலிருந்து செய்துவரும் ஊழியம். வலது கையை நீட்டினால் வேப்பமரத்து மைதானம், இடது கையை நீட்டினால் ஹாலுக்குப் பின்புறம். போதகர் ஐயாவின் வண்டியே என் கைக்குக் கட்டுப்பட்டுத்தான் போகும். ஆனால் அதற்காகப் புதன்கிழமையுமா? கூட்டத்துக்கு டீச்சர் சொன்னது வேதவாக்காகிவிட்டது. "கை காட்டின பக்கம்தானே போயிருக்காங்க, பாவம்" என்று ஒரு அம்மாள் டீச்சருக்குத் தண்ணீர் கொடுத்தாள். விழுந்தவன் நான், தண்ணீர் அவருக்கு.

ஸ்டேஷனுக்கும் போனேன். ஏட்டு தட்சிணாமூர்த்தி மரியாதையானவர், நாற்காலி போட்டார். "வண்டி நம்பர் சொல்லுங்க சார்" என்றார். "சைக்கிள்" என்றேன். "சைக்கிள்தான் சார், நம்பர்?" என்றார். "மிதிக்கிற சைக்கிள் சார்" என்றதும் பேனாவை மூடிவிட்டு, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்று டீ வரவழைத்தார். டீ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சைக்கிளுக்கு நம்பர் இல்லை, லைசென்ஸ் இல்லை என்றால் அதை மிதிக்கிறவனுக்கு ரோட்டில் இடமும் இல்லையா? நான் என்ன ஆகாயத்திலா போவேன்? வீட்டுக்கு வந்தால் உங்கள் அக்கா கேட்ட முதல் கேள்வி, "மீன் எங்க?" இரண்டாவது கேள்விதான் கையைப் பற்றி.

மச்சான், ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். என் முழங்கால் நிலைமை உங்களுக்குத் தெரியும். நடந்தால் தெருமுனை தாண்டாது, மிதித்தால் தாம்பரம் மார்க்கெட் வரை போகும். ஆஸ்டின் தங்கமான பிள்ளைதான், கேட்டால் காரில் கொண்டுவிடுவான். ஆனால் ஒரு கட்டு கீரைக்கும் "தம்பி, ஃப்ரீயா இருக்கியா?" என்று கேட்டு நிற்கும்போது எனக்கு அழுகை வருகிறது. யாரையும் கேட்காமல் நான் வெளியே போய் வர மிஞ்சியிருப்பது அந்தச் சைக்கிள் ஒன்றுதான். அது போனால் நான் ஜன்னலோர ஆள்.

ஆகையால் நியாயத்தைப் பாருங்கள். ஆலய வாசலில் நீட்டும் கை வேறு, ரோட்டில் நீட்டும் கை வேறு. அங்கே நான் நிற்கிறேன், இங்கே போய்க்கொண்டிருக்கிறேன். ஒருவன் கையை நீட்டிவிட்டான் என்பதற்காக, முன்னால் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் போக மனுஷர் என்ன ஆட்டு மந்தையா? புத்தியுள்ள எவனாவது அப்படிப் போவானா? இந்த ஒரு கேள்வியில் என் வழக்கு முழுதும் அடங்கியிருக்கிறது. பதிலை உங்கள் அக்காவுக்கே எழுதுங்கள், உங்கள் லெட்டர் பேடில், சீல் வைத்து.

தங்கள் வீட்டாரையும் தங்கள் வழக்குகளையும் கர்த்தர் ஆசீர்வதித்து, எதிர்க்கட்சி வக்கீல்களின் கண்ணுக்கு மறைவாய்க் காத்துக்கொள்வாராக.

அன்புள்ள அத்தான்,
சாலமோன்.

பின்குறிப்பு: ஞாயிறு மத்தியானம் எழுதுகிறேன். சைக்கிள் இல்லாததால் நேற்று தபால் பெட்டி வரை போக முடியவில்லை. அதுவும் நல்லதாயிற்று. ஜெபகுமார், நீ தீர்ப்பு ஒன்றும் எழுத வேண்டாம்.

ஆலயத்தில் வேப்பமரத்து மைதானத்துக்குப் போகும் வழியில் நேற்று சாயங்காலம்தான் கான்கிரீட் போட்டிருந்தார்கள். காயவில்லை. நடுவில் கயிறு கட்டி, சிவப்புத் துணியும் தொங்கவிட்டிருந்தார்கள். இன்று எல்லா வண்டியும் இடது பக்கம்தான். வீட்டில் இருங்கள் என்று உன் அக்கா சொல்லியும் கேட்காமல் நான் முன்னாலேயே ஆட்டோவில் போய் வாசலில் நின்றேன். இடது கை கழுத்தில் தொங்குகிறதே, அதனால் தாடையை ஆட்டியே எல்லா வண்டிகளையும் இடது பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தேன். குற்றம் ஒன்றும் இல்லை. அந்த நேரம் பாடகர் குழுவிலிருந்து ஞானஜோதி டீச்சர் வந்து, "அங்கிள், அன்னைக்கு எப்படிக் காட்டினீங்க, இன்னொரு தரம் காட்டுங்க" என்றார். வழக்கு வலுவாகட்டும் என்று வலது கையைத் தோளுக்கு நேராக நீட்டி, "இப்படித்தான்மா! இதைப் பார்த்து எந்த மடையனாவது..." என்று சொல்லி முடிக்கவில்லை. உள்ளே நுழைந்த கார் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு நேராக வலது பக்கம் போய்க் கான்கிரீட்டில் இறங்கி நின்றது. ஓட்டியவன் ஆஸ்டின். பக்கத்தில் உன் அக்கா, பட்டுப்புடவையில்.

கணுக்கால் வரை சிமெண்டோடு இறங்கியவள் என்னைத் திட்டவில்லை, மகனைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா அங்க விட்ட?" "அப்பா கை காட்டினாரும்மா." "கை காட்டினா கண்ண மூடிக்குவியா? முன்னால என்ன இருக்குன்னு பாக்க வேண்டியது வண்டி ஓட்டுறவன்தானடா!" சபையே கேட்டது. சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆன்ட்டி சொல்றது சரிதான் அங்கிள். தப்பு என் மேலதான்" என்றார். இதைக் கேட்கத்தானே நாலு நாளாகக் காத்திருந்தேன்? கேட்கும்போது கான்கிரீட்டைப் பார்ப்பதா, டீச்சரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

போதகர் ஐயா என் ஊழியத்தைக் காணிக்கைத் தட்டு எடுப்பதற்கு மாற்றிவிட்டார். உன் அக்கா வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு, வேதாகமப் பையைத் திறந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். கட்டு அவிழ்த்ததும் இந்தக் கடிதத்தை நானே சைக்கிளில் கொண்டுபோய்ப் போடுவேன். தபால் பெட்டி ஏரிக்கரை வளைவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இனி அந்த வளைவில் திரும்பும்போதெல்லாம் கையை நீட்டுவதா வேண்டாமா என்று அதற்கு மட்டும் ஒரு தீர்ப்பு எழுதி அனுப்பு.