பிரம்மநாயகி அந்தாதி

வாசற்கதவின் சாவி அரிசிப் பானைக்குள் கிடந்தது.

கையை முழங்கைவரை அரிசிக்குள் விட்டு அதைத் தேடி எடுத்தார் சங்கரநயினார். சார்பதிவாளர் அலுவலக வாசலில் முப்பது ஆண்டுகள் பத்திரம் எழுதியவர் அவர். நான்கெல்லை பிசகாமல் பிறர் நிலங்களை எழுதிக்கொடுத்த கையால், ஓய்ந்த நேரங்களில் ஊர்க்கோவில் கோமதியம்மை மீது வெண்பாக்களும் எழுதினார். உலகில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எல்லை உண்டென்பது அவர் கொள்கை. சாவிக்கு எல்லை ஆணி. அரிசிக்கு எல்லை பானை. ஒன்றுக்குள் ஒன்று புகுந்ததென்றால், அந்த வீட்டில் யாரோ ஒருவர் மனத்துக்குள் எல்லைக்கல் பெயர்ந்துவிட்டது என்று பொருள்.

அந்த மனம் தம் மனைவி பிரம்மநாயகியுடையது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. அவள் ஒரு தகரப்பெட்டி நிறையப் பழங்காகிதங்களைச் சேர்த்துப் பூட்டி வைத்திருப்பதையும் அவர் கவனித்திருந்தார். என்னவென்று கேட்டால் சிரிக்கிறாள்.

மடியிலிருந்த மகனின் கடிதத்தை எடுத்துப் பிரித்தார். மடிப்புகள் கிழிந்து நான்கு துண்டாகப் பிரியும் நிலையில் இருந்த அதில், "பத்து மணி வண்டியில் வருகிறேன். இனி உங்களை அங்கே தனியே விடுவதற்கில்லை" என்று இருந்தது. மகன் முத்துக்குமாரசாமி சென்னையில் உத்தியோகம் பார்ப்பவன், கூர்ந்த கண்ணுடையவன். தாயின் மறதியை அரை நாழிகையில் கண்டுகொள்வான். பட்டணத்துக்கு அழைத்துப்போய் வைத்தியசாலையில் சேர்த்துவிடுவான். நாற்பத்திரண்டு ஆண்டுகள் உடன் இருந்தவள் இல்லாத இந்த வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்த சங்கரநயினார், கடிதத்தை அவசரமாக மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"நாயகி, சாவியை எங்கன வச்ச?"

அடுக்களையிலிருந்து வந்த பிரம்மநாயகி, அவர் கையிலிருந்த சாவியைக் கண்டு முகம் வெளிறினாள்.

"ஆணியிலதான மாட்டுனேன்."

அதுவும் மறந்துவிட்டது அவளுக்கு. மணி எட்டாகியிருந்தது. வண்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.

அப்போதுதான் அவருக்குக் கரிவலம்வந்தநல்லூர்த் தாய்மாமன் நினைவுக்கு வந்தார். பெற்ற பிள்ளைகளின் பெயர் அத்தனையும் மறந்துபோன அந்த மனிதர், பதிகம் பாடத் தொடங்கினால் ஓர் எழுத்தும் பிசக மாட்டார். மனத்தை விட்டு எல்லாம் போன பின்னும் பாட்டுப் போவதில்லை. ஆகவே அன்றைய வேலைகளைப் பாட்டாக்கிவிட வேண்டும். ஓரடியின் ஈறே அடுத்த அடியின் தொடக்கமாகும் அந்தாதியாகவே ஆக்கிவிட்டால், ஒரு வேலை முடியும்போது அடுத்தது தானே நாவில் வந்து நிற்கும்.

காகிதம் தேடித் திரும்பினார். பலகைமேல் காகிதமும் சீவிய பென்சிலும் ஆயத்தமாக இருந்தன. அவை எப்படி வந்தன என்று எண்ண அவருக்கு நேரமில்லை.

வாசல் தெளித்து வடிவாகக் கோலமிடு
கோலமிட்ட கைகழுவிக் கூடத்தில் விளக்கேற்று
விளக்கேற்றி உலைவைத்து வெந்தவுடன் அடுப்பணை
அடுப்பணைத்துச் சாவியை ஆணிமாட்டி அடைக வாசல்

"ஒரு தரம் சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்" என்றாள் பிரம்மநாயகி. ஒரே முறை கேட்டுப் பாடம் செய்தாள். இராகமும் அவளே போட்டாள். கதவைத் திறந்து தெளித்தாள், கோலமிட்டாள், விளக்கேற்றினாள், உலை வைத்துச் சோறு வடித்தாள், அடுப்பை அணைத்துச் சாவியை ஆணியில் மாட்டினாள். சங்கரநயினாரின் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது.

"வாசல்" என்று பாடி முடித்த பிரம்மநாயகி, "வாசல் தெளித்து" என்று தொடங்கினாள்.

மண்டலித்து முடிப்பதே அந்தாதிக்கு அழகென்று கருதி, ஈற்றடியை முதலடியோடு முடிந்து வைத்தவர் அவரேதான். வெளியே ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கோவிலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் பிரம்மநாயகி சுற்றினாள். இரண்டாம் சுற்றில் அவர் கண்டவை அவரை நடுங்க வைத்தன. மாவில்லாத வெறும் விரலால் கோலமிடுகிறாள். எரிகிற விளக்குக்கு முன் கிழிக்காத தீக்குச்சியைக் காட்டுகிறாள். உலையில் தண்ணீர் மட்டும் கொதிக்கிறது, அரிசியே இல்லை.

மகன் இதைப் பார்த்தால் பெட்டியைக்கூட இறக்கி வைக்க மாட்டான்.

பதறி, ஈற்றடியைத் திருத்தினார்: "ஆணிமாட்டிப் பலகைமேல் அமர்."

பிரம்மநாயகி சாவியை மாட்டினாள். பலகையை எடுத்துவந்து வாசற்படியை அடைத்துப் போட்டு, அதன்மேல் அமர்ந்தாள்.

மணி ஒன்பதரை. அவர் மேல்துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"ஏட்டி, எந்திரி. டேசனுக்குப் போயி அவனைக் கூட்டிட்டு வரணும்."

"பாட்டுல எந்திரிக்கச் சொல்லலையே."

அவள் முகத்தில் கேலி ஏதும் இல்லை. அதுதான் அவரை அச்சுறுத்தியது. நின்றவாறே அடுத்த அடியைக் கட்டினார்: "அமர்ந்தவள் எழுந்திருந்து அன்போடு விடு வழி."

பிரம்மநாயகி எழவில்லை. தலையை ஆட்டித் தாளம் போட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

"வழின்னு முடிச்சிருக்கீய. அடுத்தது வழியில ஆரம்பிக்கணும்லா? இப்படியே விட்டா அறுந்துரும்."

எல்லை எழுதாத பத்திரத்தையும் ஈறு தொடுக்காத அந்தாதியையும் சங்கரநயினாரால் விட்டுவிட்டுப் போக முடியாது. ஓர் அடிதானே என்று துண்டை மடியில் இட்டு அமர்ந்தார். அந்த அடி இன்னோர் அடியைக் கேட்டது. வழியில் தொடங்கியது குளத்தில் முடிந்தது. குளம் தாமரைக்குப் போயிற்று. தாமரை அம்மையின் திருவடியில் போய் நின்றது. ஒவ்வோர் அடிக்கும் அவள் ஒரு கேள்வி கேட்டாள். எதுகை இடறிய இடத்தில் நெற்றியைச் சுளித்தாள். அவர் சினந்து திருத்தினார். பதினோராம் அடியில் அவர் குரலெடுத்துப் பாட, அவள் உடன் பாடினாள். கடிதம் மடியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. பத்து மணி வண்டி கூவிக்கொண்டு வந்து, கூவிக்கொண்டு போயிற்று. அந்த ஒலியை அவர் கேட்கவில்லை. காலையிலிருந்து அவரைப் பிடித்திருந்த பயம் எப்போது விட்டதென்றும் அவருக்குத் தெரியவில்லை.

"நல்லா வந்திருக்குட்டி" என்றார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. கைகால் கழுவிட்டு வாங்க, சோறு போடுதேன்."

அவர் பின்கட்டுக்குப் போனார்.

பூக்காரி இசக்கித்தாய் அரளிச் சரத்தோடு தெருவில் காத்து நின்றிருந்தாள். பிரம்மநாயகி பலகையை நகர்த்தினாள். எழுதிப் பல ஆண்டுகளான அந்தக் கடிதத்தை எடுத்துப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தாள். தகரப்பெட்டியைத் திறந்து, பென்சில் எழுத்தால் நிறைந்த நூற்றுக்கணக்கான காகிதங்களுக்கு மேல் இன்றைய காகிதத்தையும் வைத்துப் பூட்டினாள். பிறகு கதவைச் சாத்தப் போனவள், ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றாள்.

இசக்கித்தாய் உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நேத்துப் பாட்டைவிட இன்னைக்குப் பாட்டு நல்லாருந்துதும்மா, ஆனா அரிசிப் பானையை ஐயா கண்டுபிடிச்சிட்டாவளே, நாளைக்கு அவுக வழிதெரியாமப் போயிராம சாவியை எங்கன ஒளிக்கப் போறீய?"