சிங்க்கில் ஊற்றிய புரதம்

பதற்றத்தில் மனிதருக்கு மூளையை விடக் கை வேகமாக ஓடும். என் கை அதில் மகா கெட்டிக்காரி.

மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வாவியோரப் பண்ணைகளில் இறால்கள் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்த காலம். நோயை முன்கூட்டியே பிடிக்கும் சோதனைக்கு, அதற்குக் காரணமான வைரசின் புரதம் ஒன்று சுத்தமாகத் தேவைப்பட்டது. பக்டீரியாவுக்குள் அதை உண்டாக்கிவிட்டோம். பிரித்தெடுக்கும் வேலை என்னுடையது. கொழும்பிலிருந்து வரும் பேராசிரியர் அன்று பின்னேரம் அதைக் கையோடு கொண்டுபோவார்.

முறை எளிதுதான். ஒரு சின்னக் குழாய் நிறைய, நிக்கல் ஏற்றிய நீல நிற மணிகள். பக்டீரியாக் கரைசலை ஊற்றினால் எங்கள் புரதம் மட்டும் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும், மற்றதெல்லாம் வடிந்துவிடும். பிறகு பிடியை இளக்கும் கரைசலை ஊற்றினால் புரதம் சுத்தமாக இறங்கும்.

'எலூஷன்' எனப்படும் இந்த இளக்கும் கரைசலின் போத்தலில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருந்தேன். நிக்கலையே உரித்தெடுக்கும் ஈடிடிஏ போத்தலிலும் அதே எழுத்து. (இரண்டும் என் கையெழுத்து. அழகாகவே இருந்தது.)

அவசரத்தில் ஒன்றை எடுத்து ஊற்றினேன். நீலம் மேலிருந்து வெளுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய் முழுவதும் தேங்காய்ப்பூப் போல வெள்ளையாயிற்று. கீழே வைத்திருந்த கண்ணாடி முகவையில் வெளிர்நீலத் தண்ணீர். குழாயைக் கெடுத்துவிட்டேன் என்பது மட்டும் விளங்கியது. ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான மேடம் காணுமுன் அந்தத் தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றினேன்.

அதற்குப் பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது. நிக்கல் போனால் அதைப் பிடித்திருந்த புரதமும் கூடவே போகும். வாரக்கணக்கான உழைப்பு அந்தத் தண்ணீரில்தான் இருந்தது.

சிங்க்குக்குக் கீழே உள்ள வளைகுழாயில் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்குமே! சாப்பாட்டுப் பெட்டியை ஏந்திக்கொண்டு உள்ளே தலையை விட்டு, குழாயின் மூடியைத் திருகினேன். அந்த நேரம் பார்த்து, என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக அக்கா வந்துவிட்டாள்.

"என்னகா தேடுறாய்? தோடு விழுந்துட்டா?"

"புரதம்."

"ஆர் அது?"

நான் பதில் சொல்லுமுன் மேடமும் பேராசிரியரும் உள்ளே வந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது என் கால்கள் மட்டுமே. அங்கிருந்தபடியே நடந்ததைச் சொன்னேன். முகத்தைக் காட்டாமல் சொல்ல முடிந்தது ஒன்றே ஆறுதல்.

பேராசிரியர் குனிந்து சாப்பாட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்தார். கறுத்த தண்ணீர், சவர்க்கார நுரை, ஒரு றப்பர் வளையம்.

"இதில எல்லாப் புரதமும் இருக்கும் தங்கச்சி, உங்கடதைத் தவிர."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"வெளிய வாங்க," என்றார் மேடம். "பக்டீரியாவில பாதி ஃப்ரீசரில கிடக்கு. நாளைக்குத் திரும்பச் செய்வம். போத்தலில முழுப் பேரையும் எழுதுங்க."

பேராசிரியர் தங்கிவிட்டார். மறுநாள் புதுக் குழாய். போத்தலின் பெயரை மேடம் சத்தமாக வாசித்த பிறகுதான் நான் ஊற்றினேன். புரதம் இறங்கியது, பேராசிரியரோடு கொழும்புக்கும் போனது.

அக்கா அன்றைக்கே எங்கள் ஊர் பழுகாமம் முழுக்கச் சொல்லிவிட்டாள். இப்போதும் அவள் வீட்டில் சோறு வடித்த கஞ்சியை வெளியே ஊற்றப் போனால், அத்தான் என்னைக் காட்டி, சிரிக்காமல் சொல்லுவார்:

"பொறு, முதல்ல மச்சாள் பாக்கட்டும். உள்ள ஆராவது இருப்பாங்க."