அப்பாவைத் தவிர இன்னொருவர் வேண்டும்

ஸ்கார்வேய் தீவு,
அக்டோபர் 3,
மாலை நான்கு மணி (தேவாலயக் கடிகாரப்படி)

மதிப்பிற்குரிய யோர்தா அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வெல்டா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், பூனை நால்வரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அலுவலகத்தில் கணப்பை ஏற்றிவிட்டார்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அப்பாவும் கேட்கச் சொல்லியிருப்பார், காதில் மாட்டியிருப்பதைக் கழற்றியிருந்தால். இந்தக் கடிதத்தை நீங்கள் முதலில் அத்தையாகப் படித்துவிட்டு, பிறகு தந்தித் துறையின் உரிம அதிகாரியாக இன்னொரு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் இது ஒரு விண்ணப்பமும்கூட.

விண்ணப்பம் இதுதான். அமெச்சூர் வானொலி உரிமத்தை நம் வார்ஸ்லாந்தில் இன்னும் ஒரே ஒருவருக்குக் கொடுங்கள். யாராக இருந்தாலும் சரி. வேலி தாண்டிக் குதிக்கும் ஆட்டுக்கு வேண்டுமானாலும் கொடுங்கள்.

பதினோரு வருடமாக நாடு முழுவதற்கும் அப்பா ஒருவரிடம்தான் அந்த உரிமம் இருக்கிறது. நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள், குறை சொல்லவில்லை, தம்பி கேட்டால் அக்காவால் மறுக்க முடியுமா. ஆனால் அதற்குப் பிறகு என்ன ஆனது என்று தலைநகரில் இருக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. உலகத்தில் வீட்டிலிருந்தே வானொலியில் பேசும் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். எந்தெந்த நாட்டுடன் பேசினோம் என்று ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் வார்ஸ்லாந்துக்கு எதிரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்பக்கூடிய ஒரே மனிதர் எங்கள் சமையலறைக்குப் பக்கத்து அறையில், துறைமுகத்தில் மீன் எடைபோட்டுவிட்டு வந்த அதே சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் மைக்கின் பொத்தானை அழுத்தித் வானொலியில் தன் பெயரான அழைப்புக் குறியை ஒரு தடவை சொன்னால் போதும், கடற்காகக் கூட்டத்தில் மீன் தலையை எறிந்தது போல நாலா பக்கமிருந்தும் கத்தல் கிளம்பிவிடுகிறது. அப்பா ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுத்து, "ஐந்து ஒன்பது" என்று சொல்லி அனுப்புகிறார். ஐந்து ஒன்பது என்றால் 'நீங்கள் பேசுவது மிகத் தெளிவாகக் கேட்கிறது' என்று பொருள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லாரும் எல்லாருக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது.

"ஏங்க, சூப் ஆறுது. நான் சொல்றது காதுல விழுதா?"

"ஐந்து ஒன்பது!"

"அப்ப நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்?"

"இன்னொரு வாட்டி சொல்லு, சரியா புரியல."

அம்மா அந்தச் சூப்பைப் பூனைக்கு ஊற்றிவிட்டாள். உப்பிட்ட ஆட்டுக்கறிச் சூப், அத்தை.

பேசியதோடு வேலை முடிவதில்லை. பேசியதற்குச் சாட்சியாக அஞ்சலில் ஒரு அட்டை போகவேண்டும். தேதி, நேரம், ஐந்து ஒன்பது எல்லாம் அதில் எழுதியிருக்கவேண்டும். அட்டை கையில் வந்து சேரும்வரை அந்தக் கட்டம் காலிதான். அப்பாவின் கையெழுத்து ஈர மணலில் பறவை நடந்தது போல இருக்கும் என்பதால் அட்டை எழுதுவது என் வேலை. இன்றைய கணக்குக்கு மூவாயிரத்து நூற்று நாற்பது அட்டைகள் பாக்கி. இந்த மாதம் கடைசிச் சனிக்கிழமை எனக்கு மேல்பள்ளி நுழைவுத் தேர்வு. வெளித்தீவுகள் முழுவதற்கும் ஒரே ஓர் இடம். கிடைத்தால் உங்கள் ஊரில், நூலகத்துக்கு எதிர்த்தாற்போல இருக்கும் அந்தப் பள்ளியில் படிப்பேன். கிடைக்காவிட்டால் மீன் பெட்டியில் எண் எழுதுவேன். சரித்திரப் புத்தகத்தில் நான்காம் பாடத்தைத் தாண்டவில்லை. அரசர்கள் இன்னும் குளிர்காலப் போரிலேயே நிற்கிறார்கள், நான் போய்க் காப்பாற்றவில்லை.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் மிகவும் யோசித்துவிட்டு, "வெல்டா, கடைசிச் சனிக்கிழமையா? அன்னிக்குத்தானேம்மா வானொலிக்காரங்க உலகப் போட்டி! அத்தைகிட்ட சொல்லி ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமான்னு கேளேன்" என்றார்.

"அப்பா, அது நாடு முழுக்க நடக்குற பரீட்சை."

"இது உலகம் முழுக்க நடக்குதேம்மா."

நான் வெளியே வந்துவிட்டேன். ஒரு வளர்ந்த மனிதர் ஒரு பொழுதுபோக்குக்காகப் பரீட்சையைத் தள்ளிவைக்கச் சொல்லலாமா என்று நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

தவறு முழுவதும் அப்பாவுடையது என்றும் சொல்லமாட்டேன். என் பங்கையும் எழுதிவிடுகிறேன். வசந்தகாலத்தில் நான் முதன்முதலாக அட்டை எழுத உட்கார்ந்தபோது, பதிவேட்டில் அப்பா எழுதியிருந்த நேரம் ஒவ்வொன்றும் சரியாக இரண்டு மணி நேரம் குறைவாக இருந்ததைக் கவனித்தேன். அப்பா பேசிக்கொண்டிருந்தபோது நான் வீட்டில்தானே இருந்தேன், எனக்குத் தெரியாதா. கைக்கடிகாரம் கெட்டுப்போயிருக்கிறது, பாவம் என்று நினைத்து, அவர் மனம் வருந்தக்கூடாதென்று யாரிடமும் சொல்லாமல், அறுநூறு அட்டைகளிலும் இரண்டு மணி நேரத்தைக் கூட்டித் திருத்தி, அழகாக எழுதி அனுப்பினேன். இந்தப் பொழுதுபோக்கில் உலகம் முழுவதும் ஒரே நேரத்தைத்தான் எழுதவேண்டும், அது நம் நேரத்துக்கு இரண்டு மணி பின்னால் ஓடுகிறது என்று எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அறுநூறும் திரும்பி வந்தன. எல்லாரும் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள், அதுதான் தாங்கமுடியவில்லை. பெரு நாட்டிலிருந்து ஒரு பல் மருத்துவர், "அன்புள்ள ஐயா, முப்பத்தொரு வருடம் காத்திருந்து உங்கள் நாட்டைப் பிடித்தேன். ஆனால் அட்டையில் குறித்திருக்கும் நேரத்தில் நான் ஒரு பெண்மணியின் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு எண்பத்திரண்டு வயதாகிறது, கூடிய சீக்கிரம் சரிசெய்து அனுப்பினால் நலம்" என்று எழுதியிருந்தார். அவருக்குத்தான் முதலில் திருத்தி அனுப்பினேன். மற்ற ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் அந்த மூவாயிரத்துச் சொச்சத்தில் சேர்ந்துவிட்டன.

இனி இப்படி நடக்கக்கூடாதென்று அப்பா ஒரு ஏற்பாடு செய்தார். சமையலறைக் கடிகாரத்தையே உலக நேரத்துக்குத் திருப்பிவைத்தார். திருப்பியதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எனக்கு முன்தேர்வு. எழுந்து பார்த்தேன், கடிகாரத்தில் ஏழு. நிதானமாக ரொட்டி தின்று, பின்னலை இரண்டு தடவை அவிழ்த்துப் பின்னி, நதிகளை ஒருமுறை சொல்லிப் பார்த்து, கால்மணி முன்னதாகவே போய்விட்டோம் என்ற பெருமையோடு வகுப்புக்குள் நுழைந்தால், எல்லாரும் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறார்கள். மீதி முக்கால் மணியில் எழுதித் தேறினேன் என்றாலும், வெளித்தீவுகளில் நான்காவதாக வந்தேன். நான்காவது என்றால் ஒரே ஓர் இடம் இருக்கும் ஊரில் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும்.

மீன் விவகாரம் வேறு. அப்பாவின் ஆன்டெனா கம்பி எங்கள் கூரையிலிருந்து படகுக் கொட்டகை வரை நாற்பது மீட்டர், வடக்குக் காற்று நேராக அடிக்கும் இடத்தில். இந்தத் தீவில் எந்தப் பெண்பிள்ளையும் அப்படி ஒரு கம்பியைச் சும்மா விடமாட்டாள். அம்மா அதில் பிளந்த காட் மீனைக் காயப்போட்டாள். உள்ளே அலையின் வலுவைக் காட்டும் முள் இறங்கிவிட்டது. அப்பா சூரியனில் கரும்புள்ளி குறைந்ததால்தான் அலை தூரம் போகவில்லை என்று மூன்று வாரம் சூரியனைத் திட்டினார். அப்புறம் ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"சுன்வி! அது ஆன்டெனாடி! அதுல நூத்துமுப்பது மீன் தொங்குது!"

"நூத்திநாப்பது. பத்த இப்பத்தான் எடுத்தேன். இந்தக் கம்பிக்கு இன்னிக்குத்தாங்க ஒரு நல்ல காலம் வந்திருக்கு."

இப்போது கம்பி எந்நேரம் மீனுக்கு, எந்நேரம் வானொலிக்கு என்று ஓர் ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சாட்சி நான். வேறு யார்.

ஆகவே வேறு ஒருவரைத் தயார்செய்வது என்று நானே கிளம்பினேன். உலகத்துக்குப் பேச இன்னொருவர் கிடைத்தால் பாதிக் கூட்டம் அங்கே போய்விடும், பாதி அட்டைகள் குறையும், நான் அரசர்களைப் போரிலிருந்து மீட்டுவிடலாம். உரிமத் தேர்வுக்கான உங்கள் அலுவலகத்தின் முப்பது கேள்விப் பாடநூலை வாங்கி, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகவே முழுவதும் படித்து முடித்தேன். முதலில் தபால்காரர் ஆஸ்முண்ட். எங்கள் வீட்டுக்கு மூட்டை சுமந்து சுமந்து அவருக்கு ஒரு தோள் இறங்கிவிட்டது, அவரைவிடப் பொருத்தமானவர் யார் என்று நினைத்தேன்.

"இரு பாப்பா, எனக்குப் புரியல. முன்னப்பின்ன பாத்திராத ஒருத்தனை நானா கூப்பிடணும்?"

"ஆமா."

"கூப்பிட்டு, உங்க ஊர்ல மழையான்னு கேக்கணும்?"

"ஆமா மாமா."

"எங்க அம்மா கேட்டா செருப்பால அடிப்பா."

அத்தை, நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்கு ஏன் வளரவில்லை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. அறிமுகமில்லாதவரிடம் முதலில் வாய் திறப்பது நமக்கு மரியாதைக் குறைவு. படகில் ஒன்றாகப் பத்து வருடம் போய்வந்தவர்கள் இன்னும் தலையை மட்டும் அசைக்கிறார்கள். இதில் உலகத்தையே பார்த்து "யாராவது இருக்கிறீர்களா" என்று கத்துவதென்றால் யார் வருவார்கள். பாதிரியார் ராங்னர் மட்டும், அவர் வேலையே முன்பின் தெரியாதவரைக் கூப்பிடுவதுதான் என்பதால், ஒருநாள் வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் இருபத்திரண்டு நிமிடம் விடவில்லை. மனந்திரும்புதலைப் பற்றிப் பேசினார். முடித்ததும் மறுமுனையில் ஒரு ஜப்பானியர், "ஐந்து ஒன்பது, நன்றி, அட்டை அனுப்புங்கள்" என்றார். பாதிரியார் வருத்தத்துடன் எழுந்து போய்விட்டார். அந்த அட்டையையும் நான்தான் எழுதினேன்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது, அத்தை. வலது கையின் நடுவிரலில் பட்டாணி அளவுக்குக் காய்ப்பு விழுந்துவிட்டது. நேற்றிலிருந்து அப்பாவுக்குத் தொண்டை வேறு கட்டிக்கொண்டது. சைகை காட்டுகிறார், அம்மா அதற்கெல்லாம் "ஐந்து ஒன்பது" என்று பதில் சொல்லிப் பழிவாங்குகிறாள். தலைநகரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உங்கள் மாடிவீட்டு மனிதர், ரொட்டிக் கடைக்காரர், யாருக்காவது ஒரு உரிமத்தைக் கொடுத்து, உங்கள் தம்பி மகள் படித்துத் தேற வழிசெய்யுங்கள்.

உங்கள் முழங்கால் வலி குளிருக்கு முன் தீரட்டும், கணப்பு அணையாமல் எரியட்டும். அம்மா அன்பைத் தெரிவிக்கிறாள். அப்பா விரலால் ஏழையும் மூன்றையும் காட்டுகிறார். எழுபத்து மூன்று என்றால் அவர்கள் மொழியில் அன்பு வணக்கம்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள,
வெல்டா

பின்குறிப்பு: அக்டோபர் 5. மூடுபனியால் படகு வரவில்லை, உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். இந்தப் பத்தியைத் தயவுசெய்து அத்தையாக மட்டும் படியுங்கள், அதிகாரியாக வேண்டாம். அப்பாவுக்குக் குரல் இன்னும் திரும்பவில்லை. நேற்று அவர் என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டு, மைக்கைக் காட்டினார். முன்பின் தெரியாதவர்களிடம் முதலில் பேச எனக்கு நாக்கு எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அழைப்புக் குறியைச் சொன்னேன். கத்தல் கிளம்பியது. அந்தக் கத்தலுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மெல்லியதாக ஒரு குரல் கேட்டது, அதை மற்றவர்கள் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாரும் சும்மா இருங்கள், அந்த மெல்லிய குரல் மட்டும் பேசட்டும்" என்றேன். அத்தை, இருந்தார்கள். உலகம் முழுவதும் சும்மா இருந்தது. நான் சொல்லி இதுவரை எங்கள் பூனைகூட நாற்காலியை விட்டு இறங்கியதில்லை. அந்த மெல்லிய குரல் பெருவிலிருந்து. அட்டை கிடைத்துவிட்டது, நேரம் மிகவும் சரி, நன்றி சொல்வதற்காகத்தான் பத்து நாளாகக் கூப்பிடுகிறேன் என்றார்.

ஆகவே இத்துடன் என் விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன், முப்பது கேள்விக்கும் விடையோடு. எனக்குக் கொடுத்த பிறகு தயவுசெய்து வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ரொட்டிக் கடைக்காரருக்குக் கட்டாயம் வேண்டாம். இன்று காலை ஆஸ்முண்ட் மாமா வந்து, தயங்கித் தயங்கி, "சும்மா பாக்கலாம்னுதான், அந்த உரிம ஃபாரம் ஒண்ணு இருக்குமா பாப்பா?" என்றார். தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அட்டைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அம்மா எழுதுவாள், ஒப்பந்தத்தில் மீனுக்கு இரண்டு மணி நேரம் கூட்டிக் கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்று. மேல்பள்ளித் தேர்வு கடைசிச் சனிக்கிழமை வருகிறது. அன்றுதான் உலகப் போட்டி. ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று யாரிடமாவது கேட்டுச் சொல்லுங்கள்.