வாசலில் நான் கட்டிய வேப்பிலை

மேடையில் தைரியமாகப் பேசுகிறவன் மேடையை விட்டு இறங்கிய பிறகும் தைரியமாகவே இருப்பான் என்று யாரும் உத்தரவாதம் கொடுத்ததில்லை. இதைச் சொல்ல எனக்குப் பூரண யோக்கியதை உண்டு. பெரியம்மை வராமலிருக்க அம்மை குத்திக்கொள்வதை அரசாங்கம் கட்டாயமாக்க வேண்டும் என்று அரை மணி நேரம் முழங்கிக் கைதட்டல் வாங்கிவிட்டு, இரண்டே நாளில் அம்மை குத்துகிறவருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டவன் நான்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தேழு வயது. பாலக்கரையில் வாடகை வீடு, ரயில்வே குட்ஸ் ஷெட்டில் கிளார்க் வேலை. அப்பா காலமாகிவிட்டார். வீட்டில் அம்மா, நான், தங்கை கமலா. கமலாவுக்கு இரண்டு இடம் வந்து தட்டிப்போய், மூன்றாவதாகக் காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்தில் ஒரு இடம் கூடி வந்திருந்தது. பையன் தபாலாபீசில் வேலை பார்க்கிறார். அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து நிச்சயம் செய்வதாக ஏற்பாடு. கமலா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் பூராவும் அடுப்படியிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வருஷம் ஊரில் அங்கங்கே பெரியம்மை தலைகாட்டியிருந்தது. ஸ்ரீரங்கத்துக்கு வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வேறு வரப்போகிறது. சுகாதார இலாகாக்காரர்கள் தெருத் தெருவாக அம்மை குத்திக்கொண்டு வந்தார்கள். நோய் கண்டவர்களை ஊருக்கு வெளியே இருந்த கொட்டகைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இதெல்லாம் நியாயமா, அநியாயமா என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை. எங்கள் தெரு வாசகசாலையில் அதையே அந்த ஞாயிற்றுக்கிழமை விவாதத்துக்குத் தலைப்பாக வைத்துவிட்டார்கள். கட்டாயம் வேண்டும் என்ற கட்சிக்கு நான். வேண்டாம் என்ற கட்சிக்கு எங்கள் எதிர்வீட்டுத் தையல்கடை ஜமால் பாய்.

நான் பேசினேன் பாருங்கள், இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. "அடுத்த வீடு எரியும்போது என் வீட்டுக் கிணற்றில் நான் தண்ணீர் தர மாட்டேன் என்று சொல்ல ஒருவனுக்கு உரிமை உண்டா? குத்திக்கொள்ளாதவனைக் காவிரிப் பாலத்தில் நிறுத்து! திருப்பி அனுப்பு! ஒளிகிறவன் கோழை மட்டுமல்ல, ஊருக்கே துரோகி!" (துரோகி என்று சொன்னபோது மேஜையை வேறு குத்தினேன். தலைவர் குடிக்க வைத்திருந்த சோடா கவிழ்ந்துவிட்டது.)

ஜமால் பாய் நிதானமாக எழுந்தார். "தம்பி நல்லாப் பேசுனாரு. அம்மை குத்திக்கிறது நல்லதுதான், நான் இல்லேங்கலை. ஆனா போலீஸ் மாதிரி வந்து கதவைத் தட்டுனா மனுசன் என்ன பண்ணுவான்? பயந்துக்கிட்டு ஒளிச்சு வைப்பான். ஒளிச்சு வச்சா நோவு இன்னும் பரவும். வந்து, உக்காந்து, நாலு வார்த்தை பக்குவமா எடுத்துச் சொல்லுங்க, அவனே கையை நீட்டுவான். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது." இவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கையைத் தூக்கி ஓட்டெடுத்தார்கள். நான் அமோக வெற்றி. கூட்டத்தில் முன் வரிசையில் சுகாதார இன்ஸ்பெக்டர் சௌரிராஜன் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றியில் நாமம், கையில் சதா ஒரு தோல் பை. மேடைக்கே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பிரமாதம் ஓய். செவ்வாய்க்கிழமை கார்த்தால உங்க தெருவுக்குத்தான் வரேன். முதல் கை உம்ம கைதான். உம்மைப் பார்த்தா தெருவே தானா வரும்" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே வாசல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் அம்மை குத்துவதற்கு ஒரு கருவி உண்டு. பித்தளைக் காம்பு, அதன் நுனியில் வட்டமாகச் சின்னச் சின்ன முட்கள். தோலில் மருந்தைத் தடவி, அந்த முள்ளை வைத்து அழுத்தி ஒரு திருகு திருகுவார்கள். பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் எனக்குக் குத்த இரண்டு வாத்தியார்கள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாவது வாத்தியாரை நான் கடித்துவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. அதை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. அம்மாவும் கமலாவும் நிச்சயத்துக்குப் புடவை எடுக்கப் பெரிய கடைவீதிக்குப் போயிருந்தார்கள். நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஜன்னல் வழியாகத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயடியில் ஒரு வேப்பமரம். அதைப் பார்த்ததும்தான் என் மூளை வேலை செய்தது. (அன்றைக்கு மட்டும் அது வேலை செய்யாமல் இருந்திருக்கக் கூடாதா!)

அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவது வழக்கம். கட்டிவிட்டால் அந்த வீட்டுக்குள் சமயபுரத்து மாரியம்மனே வந்து இறங்கியிருப்பதாகக் கணக்கு. வெளியாள் ஒருத்தரும் படியேற மாட்டார்கள். பிச்சைக்காரர்கூடத் தாண்டிப் போய்விடுவார். அம்மன் இறங்கியிருக்கிற வீட்டில் ஊசியும் முள்ளும் காட்டினால் அவளுக்குக் கோபம் வரும் என்பார்கள். இன்ஸ்பெக்டரோ நாமம் போட்ட பக்திமான். வேப்பிலையைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார், நடுப்பகலில் அவிழ்த்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். இரண்டு கொத்து ஒடித்து வந்து நிலைப்படியில் கட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வேப்பிலையைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து என்னவோ எழுதிக்கொண்டு ஜன்னலண்டை வந்தார்.

"யாருக்கு ஓய்?"

"எனக்குத்தாங்க" என்றேன், போர்வைக்குள்ளிருந்து, சாகப்போகிறவன் குரலில்.

"அடடா. ஞாயித்துக்கிழமை அவ்வளவு கூட்டத்துல உக்காந்திருந்தீரே. சரி, கவலைப்படாதேயும். கொட்டகைக்குப் போக மத்தியானம் வண்டி வரும். அதுக்குள்ள தெரு பூராக் குத்திடறேன்."

கதவில் ஒரு சிவப்புக் காகிதத்தை ஒட்டினார். இந்த வீட்டில் பெரியம்மை, உள்ளே போகாதீர்கள் என்று அதில் அச்சடித்திருந்தது. வேப்பிலை என்பது எனக்குத் திரை. அவருக்கு அதுதான் துப்பு. வேப்பிலை எங்கே தொங்குகிறது என்று பார்த்துத்தான் அவர்கள் நோய் கண்ட வீட்டையே கண்டுபிடிக்கிறார்கள் என்பது ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். வாசகசாலைப் பேச்சாளருக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த ஒரு மணி நேரம் ஜன்னலிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுச் சிவப்புக் காகிதத்துக்குப் பயந்து தெருவே இடது கைச் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றது. முதல் ஆளாக நின்றவர் ஜமால் பாய். கட்டாயம் கூடாது என்று பேசினவர்! "கேட்டாங்க, நீட்டுறேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் அம்மாவும் கமலாவும் புடவைப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார்கள். சிவப்புக் காகிதத்தையும் வேப்பிலையையும் பார்த்த அம்மா போட்ட சத்தத்தில் நான் போர்வையை உதறிவிட்டு வெளியே ஓடிவந்துவிட்டேன். உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. தெருவே என்னைப் பார்த்தது.

"எனக்கு ஒண்ணுமில்லைம்மா. குத்திக்கப் பயந்துக்கிட்டு நான்தான் கட்டிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "நேத்திக்கு ஆபீஸ்ல உம்ம பேச்சைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜமால் பாய் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அந்தப் பக்கம் பாருங்க. என் கடை போர்டைப் படிங்க" என்றார். நான் 'ஜமால் டெய்லர்ஸ்' என்று எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் குத்தி முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்ன பக்குவம் இதுதான் போலிருக்கிறது. கொட்டகை வண்டி வேண்டாமென்று ஆள் அனுப்பிவிட்டு, சிவப்புக் காகிதத்தையும் கிழித்து எடுத்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

இத்தோடு முடிந்தது என்று வேப்பிலையை அவிழ்க்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதே. மாரியம்மனை வாசல்ல வேப்பிலை கட்டிக் கூப்பிட்டுட்டு, சும்மாக் கூப்பிட்டேன், போயிட்டு வான்னு சொல்லுவியா? மூணு தண்ணி ஊத்தாம இது அவிழாது."

"அம்மை வந்தவனுக்குத்தானம்மா தண்ணி ஊத்துவாங்க. இங்க யாருக்கு ஊத்துறது?"

"கூப்பிட்டவன் தலையில."

மூன்று நாளைக்கு ஒரு தண்ணீர் வீதம் ஒன்பது நாள். அதுவரை வீட்டில் தாளிப்புக் கிடையாது, விருந்தாளி கிடையாது, தலையில் பூ கிடையாது. அப்படியானால் வெள்ளிக்கிழமை நிச்சயமும் கிடையாது. கமலா புடவைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே பெட்டிக்குள் வைத்தாள். பாட்டுச் சத்தம் நின்றுபோனது. என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பேசாமலே இருந்தாள்.

நாங்கள் சொல்லியனுப்புவதற்குள் செய்தி காவிரியைத் தாண்டிவிட்டது. புதன்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து ஆள் வந்து தெருவிலேயே நின்று, அம்மை போட்ட வீடாமே, பையனின் அம்மா இந்த இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கமலா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, மேடையில அவ்வளவு பேசினியே. அங்க போயி ஒருதடவை உண்மையைப் பேசிட்டு வா."

வியாழக்கிழமை போனேன். அடையவளஞ்சான் வீதியில் அவர்கள் வீடு. பையனின் அம்மா மங்களத்தம்மாள் என்னைப் படியேற விடவில்லை. தெருவில் பத்தடி தள்ளி நிறுத்திவிட்டு உள்ளே இருந்தே பேசினார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"காதுல விழலை. உரக்கச் சொல்லுங்க."

உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. "குத்திக்கப் பயந்துக்கிட்டு வேப்பிலை கட்டினேங்க!" என்று நான் அடித்தொண்டையில் கத்தியதை அந்த வீதியில் குறைந்தது முப்பது பேராவது கேட்டிருப்பார்கள். (ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம்.) சட்டைக் கையை ஏற்றிக் குத்தின இடத்தைக் காட்டினேன். நன்றாகச் சிவந்து வீங்கியிருந்தது.

"சரி. வேப்பிலையை அவுத்தாச்சா?"

தலையைக் குனிந்துகொண்டேன். "இல்லைங்க. மூணு தண்ணி ஊத்தாம அவிழ்க்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. என் தலையிலதான் ஊத்தப் போறாங்க."

அந்த அம்மாள் படி இறங்கி என் எதிரில் வந்து நின்றார்.

"நாளைக்கு நிச்சயம்னு வச்சுக்கிட்டு, பொய்யாக் கட்டின வேப்பிலைக்கு ஒம்பது நாள் காத்திருக்கேங்கிறாங்களா உங்கம்மா? இப்படி ஒரு சம்பந்தி எனக்கு எங்க கிடைப்பாங்க? மூணாந் தண்ணி ஊத்தினதும் சொல்லியனுப்புங்க, வரோம். உங்களுக்காக இல்லை, தெரியுதா?"

தெரிந்தது. மூன்று தண்ணீரும் என் தலையில் வாசலில் வைத்தே ஊற்றப்பட்டன. மார்கழி மாதம், விடியற்காலை, வேப்பிலை மிதக்கிற பச்சைத்தண்ணீர். கோலம் போட வந்த பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது தண்ணீரன்று ஜமால் பாய் எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "தம்பி, அடுத்த விவாதத்துல நீங்க நம்ம பக்கம் பேசணும்" என்றார். பேசுவதற்கு என்ன இருக்கிறது? பயந்தால் ஒளிப்பான் என்று அவர் வாயால் சொன்னதை நான் செய்தே காட்டிவிட்டேனே.

நிச்சயம் நடந்தது, கல்யாணமும் நடந்தது. அடுத்த வருஷம் கமலாவுக்குப் பெண் குழந்தை. குழந்தைக்கு அம்மை குத்த இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் எனக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. எதற்கு என்று புரியாமல் போனேன். கமலா என்னைப் பாயில் உட்காரவைத்துக் குழந்தையை மடியில் கிடத்தினாள்.

"காது குத்தினா தாய்மாமன் மடியிலதானே வைக்கணும்? அம்மை குத்தினாலும் இனிமே மாமன் மடிதான். அங்க இங்க திரும்பக் கூடாது. குத்துற இடத்தையே பாரு" என்றாள். சௌரிராஜன் ரொம்பச் சந்தோஷமாகப் பித்தளைக் காம்பை எடுத்தார்.

அதற்குப் பிறகு அவளுக்கு மூன்று குழந்தைகள், நாத்தனாருக்கு இரண்டு, எனக்கு ஒன்று. ஒன்று பாக்கியில்லாமல் எல்லாக் குழந்தைகளுக்கும் என் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். போன மாதம் கமலாவின் கடைசிப் பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுபடியும் குத்த வேண்டியிருந்தது. ஐந்து வயது. என் மடியில் உட்கார்ந்து இடது கையை நீட்டிவிட்டு, வலது கையால் என் முகவாயைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

"நீ அந்தக் காலண்டரைப் படி மாமா. அதுக்குள்ள முடிஞ்சிடும்."