ஜனத்தொகை அண்ணன் வைத்த பலகை

உயிரோடு இருக்கிற மனிதனை ஒரே ஒரு பிரஷ் இழுப்பில் இல்லாமல் ஆக்கும் அதிகாரம் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் ஒரே ஆளுக்குத்தான் இருந்தது. போலீசுக்குக்கூடக் கிடையாது. ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய ஜனத்தொகை அண்ணனுக்கு இருந்தது. எண்பதுகளில் அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியர். அவருடைய நிஜப் பெயரை என்னிடம் கேட்காதீர்கள். அவர் மனைவிக்கே அது மறந்துபோயிருந்தது.

எல்லாம் ஒரு டயர் கடைக் காலண்டரால் வந்தது. பிப்ரவரி மாதத்துக்கு ஓர் அமெரிக்கக் கிராமத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் சோளக்காடு, சாலையோரம் ஒரு பலகை, அதில் ஊர்ப் பெயர், உண்டான வருஷம், மக்கள்தொகை. என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்.

“நூத்தி அறுவது பேருதானா? நம்ம கோயில் பந்திக்கே காணாதே! அதுக்கு ஒரு போர்டா?”

அன்றிலிருந்து அவர் வீட்டில் மார்ச் மாதம் வரவேயில்லை. தீபாவளிக்குப் போனாலும் சுவரில் பிப்ரவரிதான்.

அந்த ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. அப்போதுதான் மெயின் ரோட்டில் புதுப் பலகைகள் நட்டிருந்தார்கள். ஈஜோக்குக்கு ஒன்று, புக்கிட் பெலிம்பிங்குக்கு ஒன்று. எங்கள் தோட்டச் சந்திக்கு மட்டும் இல்லை, தனியார் நிலமாம். பலகை இல்லாத இடத்தில் பஸ்ஸும் நிற்காது. எங்கள் தோட்டத்தில் நிறைமாதமாக இருந்த செல்வி என்கிற பெண் கிளினிக் போய்த் திரும்பும்போது, “பேரில்லாத எடத்துல நிப்பாட்ட முடியாதுலா” என்று கண்டக்டர் அவளை ஈஜோக்கில் இறக்கிவிட்டார். கொட்டும் மழையில் நடந்தே வந்து சேர்ந்தாள்.

அன்று சாயங்காலமே அண்ணன் பலகையும் பெயிண்டுமாக என் வாசலில் நின்றார்.

“வாத்தியாரே, நம்ம ஊரு வரலாறு சொல்லுங்க.”

தோட்ட ஆபீசில் எழுதி மாட்டியிருந்ததைச் சொன்னேன். ஒரு வெள்ளைக்காரத் துரை காட்டை வெட்டித் தோட்டத்தை உண்டாக்கினார் என்றேன்.

“தொரை வெட்டுனாரா? தொரைக்கு வெட்டுக்கத்திய எந்தப் பக்கம் புடிக்கணும்னு தெரியுமா?”

தோட்டத்தின் பெயருக்குக் கீழே அவரே எழுதினார்: ‘எங்க தாத்தாமாருங்க காட்ட வெட்டி உண்டாக்குன ஊரு. ஜனத்தொகை 412.’ செல்வியின் வயிற்றில் இருந்ததும் அதில் சேர்த்தி. “அதுவுந்தானே மழையில நனைஞ்சிச்சு?” என்றார். மறுநாள் சந்தியில் நட்ட பலகைக்கடியில் பெண்கள் திரண்டு நின்றார்கள். பஸ் நின்றது.

ஊர் என்று ஆனபிறகு அண்ணனைக் கையில் பிடிக்க முடியவில்லை. வேலை வாங்குகிற மண்டோர் ஒருவர் சம்சுச் சாராயம் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தார். விடிந்தால் பலகையில் 411. சாவு எதுவும் விழவில்லை, ஆனால் கழிந்தது யார் என்று லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிட்டது. மண்டோர் வேலை ஏவினால், “யாருமே இல்ல, சத்தம் மட்டும் வருது பாருடி” என்று பெண்கள் சிரித்தார்கள். மனிதர் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

“என்னையச் சேத்துக்கங்கண்ணே, மானம் போவுது.”

“எங்கிட்ட ஏன் கேக்குற? ஒம் பொண்டாட்டி சொன்னா சேத்துக்கறேன்.”

அந்த அம்மாள் மனமிரங்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று.

மானேஜர் துரைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. டிராக்டரை விட்டுப் பலகையைப் பிடுங்கி எறிந்தார். மறுநாள் அதைவிடப் பெரிய பலகை, ஜனத்தொகை 413. துரை காரை நிறுத்தி இறங்கினார்.

“யாருக்குப் பிள்ளை பிறந்தது?”

“பொறக்கல தொரை. ஒங்களத்தான் சேத்திருக்கேன். நீங்களும் இங்கதானே சோறு திங்கிறீங்க? வேணாம்னா சொல்லுங்க, கழிச்சிடறேன்.”

மண்டோர் பட்ட பாடு துரைக்கும் தெரியும். பலகையை அப்படியே விட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

சில வருஷங்களில் தோட்டம் கைமாறியது. வாங்கியவர்கள் லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். எனக்கும் பத்தாங் காலி என்ற ஊருக்கு மாற்றல் வந்தது. குடும்பம் குடும்பமாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போன லோரியை ஓட்டியவர் அண்ணன்தான். ஆனால் பலகைமேல் கைவைக்கவில்லை. பிறப்பைக் கூட்டி இறப்பைக் கழித்து அப்போது 420 என்று இருந்தது, அப்படியே விட்டுவிட்டார். மாற்றலாகிச் சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். புதுக் கம்பெனி அதிகாரி ஒருவர் பலகை முன்னால் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

“இங்க நாப்பது பேருகூட இல்ல. எதுக்குய்யா பொய்க் கணக்கு?”

“அனுப்புனது நீங்க சார். நான் யாரையும் அனுப்பல.”

பலகையைக் கழற்றினால் மறுநாள் இன்னொன்று வரும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். அப்புறம்தான் பலகையைச் சரியாகப் பார்த்தேன். பெயிண்ட் ஈரம்கூடக் காயவில்லை, 421 என்று இருந்தது. ஊரே கிட்டத்தட்டக் காலி, எண்ணிக்கை மட்டும் ஏறியிருக்கிறது!

“யாருண்ணே புதுசு?”

“ஒங்க மகதான் வாத்தியாரே. பொறந்து மூணு மாசமாச்சாம்ல? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“அவ பத்தாங் காலியில பொறந்தவண்ணே.”

“எங்க பொறந்தா என்னா? அப்பனுக்கு ஊரு இதுதானே.”

அந்த மனிதர்மேல் எனக்கிருந்த பிரியத்தை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் கிடத்தினேன்.