இருநூறு கிராம் எடைக்கல்லும் எம் சைஸ் கோட்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நான் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் சரிபார்க்காத எதையும் எழுதிக் கையெழுத்துப் போடக்கூடாது என்பது எங்கள் எடை அளவு ஆய்வகத்தின் முதல் விதி. ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீ நலமாக இரு. மாமாவும் குழந்தையும் நலமாக இருக்கட்டும். அம்மா இந்தக் கடிதத்தைப் பார்க்காமல் இருக்கட்டும். போனில் சொல்லியிருப்பேன். நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாய், அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

பயமாக இருக்கிறது அக்கா. காரணம் ஒரு கோட்டு.

வருகிற வியாழக்கிழமை நான் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். முதல் தடவை. ஒரு தேயிலைக் கடையில் பிடித்த எடைக்கல். மேலே இருநூறு என்று பொறித்திருக்கிறது. அடியில் துளை போட்டு மெழுகு வைத்து அடைத்திருக்கிறார்கள். எடை நூற்றுத் தொண்ணூற்றொன்று. அளந்தது நான். பிளாஸ்டிக் பையில் போட்டு ஈய முத்திரை வைத்ததும் நான். கடைக்காரரின் வக்கீல் என்ன கேட்பார் என்று எல்லோருக்கும் தெரியும். "உங்க அளவு சரிதானா?" இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொன்னால் என் வேலை நிரந்தரமாகும். தடுமாறினால், வேறு வேலை.

சாட்சிக்குப் போகிறவர்களுக்கு அலுவலகத்தில் ஒரு பழைய உத்தரவு உண்டு. அடர்நிறக் கோட்டு அணிய வேண்டும். சான்றுப் பொருளைக் கோட்டின் பையில் வைத்து, வைத்த கையை எடுக்காமல் போக வேண்டும். இதை எழுதிய காலத்தில் இங்கே பெண்கள் இல்லை. பெண்கள் கோட்டில் பை இருக்காது, பை மாதிரி ஒரு தையல்தான் இருக்கும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"பை இருக்கிற கோட்டா பாத்து வாங்கும்மா," என்றார் எங்கள் தலைவர். "போன தடவை ஒருத்தர் கையில வச்சு ஆட்டிக்கிட்டே போனாரு. பஸ்ல விட்டுட்டாரு. இப்ப அவரு எங்க இருக்காருன்னு கேளு."

"எங்க சார்?"

"தெரியாது. அதான் சொல்றேன்."

உனக்கே தெரியும், நான் உன் பழைய துணிகளிலேயே வளர்ந்தவள். என் அளவு என்ன என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அக்காவுக்குச் சின்னதாகிப் போனது, அதுதான் என் அளவு. அம்மாவிடம் கோட்டு வாங்கப் போகிறேன் என்றதும், "வளர்ற பொண்ணு, கொஞ்சம் பெருசாவே வாங்கு," என்றாள். எனக்கு இருபத்தாறு வயது. இனி எங்கே வளர்வது?

கோட்டு விற்கும் செயலியில் மார்பளவு கேட்டார்கள். ஆய்வகத்து எஃகு நாடாவை எடுத்து, மூச்சை உள்ளே இழுத்து ஒரு தடவை, வெளியே விட்டு ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை அளந்து, சராசரி எடுத்துக் கொடுத்தேன். எம் சைஸ் என்றது. வந்தது. முன்பக்கம் பொத்தான் போட முடிந்தது, ஆனால் கை மேலே போகவில்லை. சாட்சிக்கூண்டில் கையை உயர்த்திச் சத்தியம் செய்ய வேண்டும். இடுப்பு வரை மட்டுமே சத்தியம் செய்யும் சாட்சியை யார் நம்புவார்கள்? அதே கம்பெனியில் எல் வாங்கினேன். அது எம் சைஸைவிடச் சின்னது. இரண்டையும் மேஜையில் விரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து அளந்தேன், எல்லின் தோள் ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. வேறு கம்பெனியில் முப்பத்தெட்டு. அதற்குள் நானும் கடைக்காரரின் வக்கீலும் சேர்ந்தே போகலாம். அடுத்தது ஃப்ரீ சைஸ். அந்த இரண்டு சொற்களைப் போலப் பயமுறுத்துவது வேறொன்றும் இல்லை அக்கா. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துமாம். எனக்குப் பொருந்தவில்லை. அப்படியானால் நான் யார்?

பார்சல் கொண்டுவரும் அம்மாவுக்கு இப்போது என் உடம்பு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆய்வகத்துக்கு மூன்று மாடி ஏறி வந்து, பையை இறக்கும்போதே கேட்பாள்.

"இதுவாவது சேருமா, திரும்பக் கட்டட்டுமா?"

"போட்டுப் பாத்துச் சொல்றேன். உக்காருங்க."

"உக்காந்தா எழுந்திரிக்க முடியாது கண்ணு. உன் கோட்டுக்காக ஏறி இறங்கியே நான் ரெண்டு சைஸ் குறைஞ்சிட்டேன். நீதான் ஒண்ணுலயும் நிக்க மாட்டேங்குற."

இரவல் உடம்பில் இருப்பது போல ஆகிவிட்டது. காலையில் கண்ணாடி முன் நின்று கையைத் தொட்டுப் பார்க்கிறேன். நேற்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. இருந்தும் சந்தேகம். இருநூறு என்று பொறித்து நூற்றுத் தொண்ணூற்றொன்று வைத்தவரை நாங்கள் நீதிமன்றம் வரை இழுக்கிறோம். எம் என்று பொறித்து எதையோ வைப்பவரை எங்கே இழுப்பது?

திங்கட்கிழமை ஏழாவது கோட்டு வந்தது. கறுப்பு. எம் சைஸ். உள்ளே கைவிட்டேன். பை! உண்மையான பை. மணிக்கட்டு வரை உள்ளே போனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிஜமாகவே எடையைத் தாங்குமா என்று பார்க்க, ஆய்வக அலமாரியிலிருந்து அந்த எடைக்கல்லை முத்திரைப் பையோடு எடுத்து உள்ளே வைத்தேன். தொங்கவில்லை, இழுக்கவில்லை. ஆனால் தோள் பிடித்தது. மூச்சுவிட்டால் முதுகில் தையல் பேசியது. வாசலில் அந்த அம்மா, "கீழ வண்டி நிக்குது கண்ணு, சட்டுனு சொல்லு," என்று அவசரப்படுத்தினாள். "பெரிய சைஸ் மாத்திக் கேக்கிறேன்," என்று கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டேன்.

கழற்றினேன். மடித்தேன். கொடுத்தேன். பையிலிருந்து எடுத்தேனா என்பதுதான் கேள்வி.

செவ்வாய்க்கிழமை அலமாரியைத் திறந்தேன். வெறும் தட்டு. திரும்பக் கொண்டுபோகும்போது அந்த அம்மா பார்சலைத் தன் தராசில் தொங்கவிட்டு எழுதிக்கொடுத்த ரசீதைத் தேடி எடுத்தேன். வந்தபோது பார்சல் எடை எண்ணூற்றுப் பன்னிரண்டு கிராம். போனபோது ஆயிரத்து ஏழு. வித்தியாசம் நூற்றுத் தொண்ணூற்றைந்து. எடைக்கல் நூற்றுத் தொண்ணூற்றொன்று, பையும் முத்திரையும் நான்கு. அந்த அம்மாவின் தொங்கு தராசு தப்பாக இருக்கலாமே என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். இருக்காது. போன மாதம் நான்தான் சரிபார்த்து முத்திரை வைத்தேன்.

கம்பெனிக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. "கோட்டின் எடை பற்றிய உங்கள் அதிருப்திக்கு வருந்துகிறோம். எடை குறைந்த கோட்டுகளைப் பார்க்க விரும்புகிறீர்களா?" மறுபடி எழுதினேன், பையில் ஒரு நீதிமன்றச் சான்றுப் பொருள் இருக்கிறது என்று. "பை உங்களுக்குப் பிடித்திருப்பதில் மகிழ்ச்சி," என்றது.

மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே தலைவர்தான் என்று வெறும் அலமாரியைப் பூட்டிவிடுகிறேன். பஸ்ஸில் விட்டவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று வெள்ளி. திங்கட்கிழமை காலையில் தலைவரிடம் சொல்லிவிடப் போகிறேன். நீ ஒன்று செய். முதல் வேலைக்குப் போனபோது தைத்தாயே, அந்தச் சாம்பல் கோட்டு, அதை அனுப்பு. வேலை போவதென்றாலும் கோட்டு போட்டுக்கொண்டு போகட்டும். உனக்குச் சின்னதாகிப் போயிருக்கும். எனக்குச் சரியாக இருக்கும். என் வாழ்க்கையில் நம்பகமான சைஸ் அது ஒன்றுதான்.

குழந்தைக்கு என் முத்தம். மாமாவுக்கு வணக்கம். அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். அதைச் சரிபார்க்க அவளிடம் தராசு இல்லை.

என்றும் உன்,
தங்கை

பி.கு.: இன்று திங்கள். கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. காலையில் தலைவரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, கூரையைப் பார்த்து, "பஸ்ஸாவது ஒரு ஊருக்குத்தான் போகும்," என்றார். மதியம் அந்த அம்மா மாற்றுக் கோட்டோடு வந்தாள். எக்ஸெல். பார்சலின் மேல் ஒட்டியிருந்த எடையைப் படித்தேன். ஆயிரத்து ஏழு. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பையில் எடைக்கல், ஈய முத்திரை அப்படியே. அதே கோட்டு அக்கா. எம் சீட்டை வெட்டிவிட்டு எக்ஸெல் சீட்டைத் தைத்திருக்கிறார்கள், பழைய நூலின் நுனி இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது. தலைவர் முத்திரையை மூன்று தடவை திருப்பிப் பார்த்து, நடந்ததையெல்லாம் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். வக்கீல் கேட்டால் அதையும் சொல்ல வேண்டுமாம். சொல்லுவேன். உன் கோட்டு வேண்டாம். இதைப் போட்டுப் பார்த்தேன். கை காது வரை போகிறது. தோள் கச்சிதம். பயத்தில் நான் இளைத்தேனா, எக்ஸெல் என்று படித்ததும் தோளே தளர்ந்துகொண்டதா, தெரியவில்லை. அதை மட்டும் வியாழக்கிழமை யாரும் கேட்காமல் இருக்க வேண்டும்.