துச்சத்துக்கு ஓர் உதாரணம்

ஒன்பது நாளாகியும் அந்த அகராதிச் சீட்டில் உதாரணத்துக்கான இடம் காலியாகவே இருந்தது. ‘கன்டெம்’ (contemn) என்கிற ஆங்கில வினைச்சொல்லுக்கான சீட்டு. ஆங்கிலேயர்களே கிட்டத்தட்டக் கைகழுவிவிட்ட சொல்தான். அதற்காக அகராதி கைகழுவ முடியுமா? ‘துச்சமாக மதித்தல்’ என்று பொருளை ஐந்தே நிமிடத்தில் எழுதிவிட்டார் அகராதிக்காரர். உதாரண வாக்கியம்தான் இழுத்தடித்தது.

அந்த அலுவலகத்தில் உதாரணத்தை மனத்திலிருந்து கட்டிவிடக் கூடாது. நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும். எங்கே, எப்போது என்று சீட்டின் பின்பக்கத்தில் எழுதவும் வேண்டும். பதிப்பாசிரியை இதில் படு கறார்.

“உங்களை யாருமே துச்சமா நடத்தினதில்லையா சார்?”

“இல்லையே மேடம்,” என்றார் அவர், பரீட்சையில் தவறியவரைப் போல.

“வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. எப்படியாவது பாருங்க.”

திங்கட்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லிப் புலம்பினார்.

“அப்படின்னா திட்டறதாப்பா?” என்றாள் மகள்.

“திட்டினா ஆளை மதிச்சதா ஆயிடும்மா. இதுல கோபமே கிடையாது. இந்த ஆள் இருந்தா என்ன, போனா என்னன்னு இருக்கறது.”

“பாவம்ப்பா அந்த ஆள்.”

மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை மேசைக்கு இரண்டு டம்ளர் டீ வந்தது. ஒன்று மகளுக்கு, ஒன்று மனைவிக்கு. அவருடையது அடுப்படியிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

“என் டீ?”

மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக் குடித்து முடித்தாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரைத் திட்டியிருக்கிறாள், கோபித்துக்கொண்டிருக்கிறாள், ஒரு தடவை கரண்டியைக்கூட வீசியிருக்கிறாள். இப்படிப் பார்க்காமல் இருந்ததே இல்லை.

சமையலறைக் குழாய் நினைவுக்கு வந்தது. ஆறு மாதமாகச் சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த குழாய். உடனே ஸ்பேனரை எடுத்தார். கால் மணி நேரத்தில் தண்ணீர் கூரைவரை பீய்ச்சியடித்தது. மனைவி வந்தாள். தரையில் நனைந்து கிடந்தவரைத் தாண்டிப் போய் மெயின் வால்வை மூடினாள்.

“தரை ஈரமா இருக்கு, பாத்து வா,” என்று மகளிடம் மட்டும் சொன்னாள்.

“அம்மாவுக்கு என்னடி ஆச்சு?”

“எனக்கு என்னப்பா தெரியும்?”

புதன்கிழமை மனைவிக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தார். இரண்டு அளவு பெரிதாகிவிட்டது. மனைவி ஒரு செருப்பை எடுத்து, காற்றில் அடித்துக்கொண்டிருந்த பின்கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். இன்னொன்று முன்கதவுக்கு.

ஒருவேளை பழைய பாக்கி ஏதாவது இருக்குமோ? அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து நான்கு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். மாமியாரின் பல்செட்டைக் கேலி செய்தது, பிரசவத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது என்று அவள் மறந்துபோனதையெல்லாம் வரிசையாக நினைவுபடுத்தினார். “நீ பேசாவிட்டால் எனக்கு ஒரு வார்த்தையும் ஓடவில்லை” என்று முடித்தார். அது சத்தியம்.

வியாழக்கிழமை காலை கடிதத்தை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைப் பிரிக்கவில்லை. வெங்காயத் தோலை அதில் வைத்து மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள். முதுகு லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று முடிவு செய்தார்.

அவருக்குக் கண் கலங்கியது. இருபத்திரண்டு வருஷம் போய்விட்டதே என்று இருந்தது. ஆனாலும் பழக்கதோஷம், கை தானாகச் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தது.

‘கணவன் எழுதிய கடிதத்தைப் படிக்காமலேயே அதில் வெங்காயத் தோலை மடித்தாள், அந்த அளவுக்கு அவனைத் துச்சமாக மதித்தாள்.’ பின்பக்கத்தில், ‘என் வீட்டுச் சமையலறை, வியாழன் காலை’ என்று எழுதும்போது எழுத்து கோணிக்கொண்டு போனது.

வெள்ளிக்கிழமை பதிப்பாசிரியை சீட்டை இரண்டு முறை படித்தார். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

“ஒரு புள்ளிகூட மாத்த வேண்டாம் சார். இத்தனை வருஷத்துல இதான் முதல் தடவை.”

“இந்த வார்த்தையையே எடுத்துடலாமா மேடம்?” என்றார் அவர் தாழ்ந்த குரலில். “யாரும் பயன்படுத்தறதில்ல. பயன்படுத்தவும் வேண்டாம்.”

பதிப்பாசிரியை சீட்டில் கையெழுத்துப் போட்டு, அச்சுக்குப் போகும் தட்டில் வைத்தார்.

அகராதிக்காரர் எழுந்தார். வீட்டுக்குப் போகப் பயமாக இருந்தது. இங்கேயே ஒரு மூலையில் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போது டெலிபோன் பார்க்கிற பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“சார், உங்க வீட்ல இருந்து நாலாவது தடவையா போன். சீட்டு பாஸாயிடுச்சான்னு கேக்கறாங்க. ஆயிடுச்சுன்னா இனிமே உங்ககூடப் பேசலாமாம், மூணு நாளா அவங்களுக்குச் சோறே இறங்கலையாம்.”